மன்றோ ஏற்காட்டுக்கு எப்போது வந்தார்? வரலாற்றை இரண்டு விதமாகப் படிப்பது

(காட்சி: ஏற்காடு செல்லும் பஸ்ஸின் ஜன்னல். கொண்டை ஊசி வளைவுகளின் எண் பலகைகள் ஒவ்வொன்றாகக் கடக்கின்றன.)

வணக்கம். சேலத்திலிருந்து ஏற்காடு போகும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. இந்த மலையைப் பற்றி நீங்கள் எதையாவது படித்திருந்தால், இந்த வரியும் கண்ணில் பட்டிருக்கும்: 1842-இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ ஏற்காட்டைக் கண்டுபிடித்தார். பள்ளி நாளில் கட்டுரைப் போட்டிக்கு நானும் இதைத்தான் எழுதினேன்.

(காட்சி: திரையில் இரண்டு ஆண்டுகள் அருகருகே. 1827, 1842.)

மன்றோ ஆளுநராக இருந்தது 1820 முதல் 1827 வரை. 1827 ஜூலையில் பத்திகொண்டாவில் காலரா கண்டு, பதவியில் இருக்கும்போதே இறந்துவிட்டார். அந்த ஒரு வரியில் 15 ஆண்டு பிசகு இருக்கிறது. இதைப் பிடிக்க முனைவர் பட்டம் தேவையில்லை. ஆளுநர்கள் பட்டியலை ஒரு முறை பார்த்தாலே போதும். ஆனாலும் ஒருவர் எழுதியதை அடுத்தவர் எடுத்து எழுத, அந்த வரி இன்றுவரை வாழ்கிறது.

பொது வாசகருக்கான வரலாறு சுவையானது, ஆனால் நம்ப முடியாதது. ஆய்வாளருக்கான வரலாறு நம்பகமானது, ஆனால் வறண்டது என்று பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு இந்தப் பிரிவினை சரியாகப் படவில்லை. எளிமையாக எழுதுவது குற்றமே அல்ல. ‘இது உனக்கு எப்படித் தெரியும்?’ என்று வாசகர் கேட்டால், எழுதியவரிடம் பதில் இருக்கிறதா என்றுதான் நான் பார்க்கிறேன்.

மன்றோவையே எடுத்துக்கொள்வோம். ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கைக்குப் பிறகு, 1792-இல், திப்பு சுல்தானிடமிருந்து பாராமகாலும் (இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம்) சேலமும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தன. நிர்வாகத்துக்கு அலெக்சாண்டர் ரீடு தலைமை ஏற்றார். அவருக்குக் கீழே உதவியாளராக வந்தவர்களில் ஒருவர் இளம் மன்றோ. ஏழு ஆண்டுகள் இந்தப் பகுதியிலேயே இருந்தார். நிலத்தை அளந்து, ஜமீன்தாரை நடுவில் வைக்காமல், உழவர் பெயரிலேயே தீர்வை விதிக்கும் ரயத்துவாரி முறை இங்கேதான் உருவெடுத்தது. பின்னாளில் ஆளுநரான மன்றோ அதை மாகாணம் முழுக்கக் கொண்டுபோனார்.

(காட்சி: மடித்து மடித்துக் கிழிந்த பழைய பட்டா ஒன்று. மடிப்பின் மீது ஒரு விரல்.)

உங்கள் தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கும் பட்டாவின் வேர் அங்கே இருக்கிறது. மலையைக் கண்டுபிடித்த பொய்யை விட இது எவ்வளவு பெரிய கதை! ஆய்வாளர்கள் இதை அறிவார்கள். ஆனால் அவர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில், வருவாய்க் கணக்குகளுக்கு நடுவே எழுதிவைத்தார்கள். ஓமலூரில் நிலம் வைத்திருப்பவருக்கு அது போய்ச் சேரவில்லை. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

‘கண்டுபிடித்தார்’ என்ற சொல்லையும் பாருங்கள். ஆங்கிலேயர் வருவதற்கு வெகு முன்பே, ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் மலையாளி என்ற பழங்குடி மக்கள் ஊர் அமைத்து, மலைத் தெய்வமான சேர்வராயனைக் கும்பிட்டு வந்தார்கள். காஞ்சியிலிருந்து வந்த அண்ணன் தம்பிமார் மூவர் வெவ்வேறு மலைகளில் குடியேறினார்கள் என்பது அவர்களின் மரபுக் கதை. சுற்றுலாக் கட்டுரை இதை அப்படியே நடந்த செய்தியாக எழுதிவிடும். கவனமுள்ள ஆய்வாளர், கதையை யார் சொன்னார், எந்த அதிகாரி எழுதிக்கொண்டார் என்று கேட்பார். 1883-இல் வந்த லெ ஃபானுவின் சேலம் மாவட்டக் கையேட்டையும், 1918-இல் வந்த ரிச்சர்ட்ஸின் கெசட்டியரையும் (அரசு வெளியிட்ட மாவட்ட விவர நூல்) அந்தக் கேள்வியோடுதான் படிக்க வேண்டும். அச்சில் பழையது என்பதற்காக அவை வேதவாக்கு ஆகிவிடா. மலை மக்களை அவை வரி வாங்குபவரின் கண்ணால் பார்க்கின்றன.

பொது வாசகருக்கான வரலாறும் ஆய்வாளருக்கான வரலாறும் ஒன்றாகச் சேர முடியுமா? முடியும். அதற்கு நான் காட்ட விரும்பும் ஆள் ராபர்ட் புரூஸ் ஃபூட்.

(காட்சி: உள்ளங்கையில் வழவழப்பான ஒரு கற்கோடரி. வெட்டுமுனை மெல்லத் திரும்புகிறது.)

1863-இல் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியை எடுத்து, இந்தியாவின் பழைய கற்காலத்தை உலகுக்குக் காட்டிய நிலவியலாளர் இவர். ஓய்வுக்குப் பின் ஏற்காட்டில் வாழ்ந்தார். கல்லைக் கண்டதும் கதை சொல்லிக் கைகழுவியவர் அல்லர். ஒவ்வொரு பொருளுக்கும் எண் கொடுத்து, எந்த ஊரில் கிடைத்தது என்று பட்டியலிட்டார். அந்தச் சேகரிப்பு சென்னை அருங்காட்சியகத்துக்குப் போனது. நூறு ஆண்டுக்கு மேலாகியும், ஆய்வாளர் அந்தப் பட்டியலைப் பிடித்துக்கொண்டு அதே ஊருக்குத் திரும்பிப் போக முடிகிறது. அதே கல்லை வைத்து, கோடைக்கு ஏற்காடு வந்த சிறுவனுக்கும் ஒரு நல்ல கதை சொல்லலாம். கதையின் அடியில் அந்த எண்ணையும் ஊரையும் ஒரு வரியாக எழுதிவிட்டால் போதும்.