முதுகு வளையவில்லையா? பின்தொடையிலிருந்து ஆரம்பியுங்கள்

வணக்கம் மக்களே. பினாங்கு யூத் பார்க்கில் மரத்தடியில் மேட் விரித்திருக்கிறேன். பையை மடியை விட்டு இறக்கவில்லை, இங்கே குரங்குகள் சும்மா விடாது.

இன்றைக்கு முதுகு. பிறையிலிருந்து மோட்டாரில் பாலம் தாண்டி பாயான் லெப்பாஸ் பேக்டரிக்குப் போகிற அண்ணன்களும் அக்காக்களும் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "குனிந்தால் கை முட்டிக்குக் கீழே இறங்க மாட்டேங்குது, முதுகை எப்படி வளைய வைப்பது?" பாலம் மட்டுமே 13.5 கிலோமீட்டர். கூன் போட்டு ஓட்டிப் போய், வேலையிலும் உட்கார்ந்து, மறுபடி அதே பாலம். பிறகு வீட்டில் ஒரே மூச்சில் கால் விரலைத் தொடப் பார்க்கிறார்கள். எனக்குக் கவலை அங்கேதான்.

குனிய முடியாத நிறையப் பேருக்கு இறுக்கம் கீழ் முதுகிலேயே இருப்பதில்லை, பின்தொடையில் இருக்கிறது. பின்தொடைத் தசை நாம் உட்காருகிற எலும்பிலிருந்து தொடங்குகிறது. குனியும்போது இடுப்பெலும்பு முன்னால் உருள வேண்டும். தசை இறுகி இருந்தால் எலும்பைப் பிடித்து நிறுத்திவிடும். மிச்ச வளைவு முழுக்கக் கீழ் முதுகின் தலையில் விழும். இடுப்பெலும்பில் கை வைத்துக்கொண்டு மெதுவாகக் குனிந்து பாருங்கள். அது எங்கே நிற்கிறதோ அதற்கு மேல் வம்பு பண்ணாதீர்கள்.

சரி, படுத்துச் செய்வோம். வீட்டில் இருக்கிற பழைய கைலி ஒன்று போதும். மல்லாந்து படுங்கள். இடது காலை மடக்கிப் பாதத்தைத் தரையில் ஊன்றுங்கள். கைலியை வலது பாதத்தில் மாட்டி, இரண்டு முனையையும் பிடித்துக் காலை மேலே தூக்குங்கள். முட்டி கொஞ்சம் மடங்கியிருந்தால் பரவாயில்லை. இழுப்பு தொடையின் நடுப்பகுதியில் தெரிய வேண்டும். முட்டிக்குப் பின்னால் சுருக்கென்றாலோ, கெண்டைக்காலில் ஜிவ்வென்று இழுத்தாலோ, நரம்பு இழுபடுகிறது என்று வைத்துக்கொண்டு காலை இறக்குங்கள். 30 வினாடி, வெட்டி வெட்டி இழுக்காமல் அப்படியே பிடியுங்கள். மூச்சை அடக்க வேண்டாம். மூச்சு சீராக வரவில்லை என்றால் அதிகம் இழுக்கிறீர்கள். ஒரு காலுக்கு இரண்டிலிருந்து நான்கு முறை, வாரத்தில் மூன்று நாளாவது.

முதல் சில வாரங்களில் கால் கூடுதலாக மேலே போகும். தசை நீண்டுவிட்டது என்று அர்த்தமில்லை. இந்த இழுப்பால் ஆபத்தில்லை என்று நரம்பு மண்டலம் பழகிக்கொள்கிறது, அதிகமும் அதுதான். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தால் அது பழகாது, தசை எதிர்த்து இன்னும் இறுகும்.

அப்புறம் முறுக்குகிற பழக்கம். நாற்காலியில் உட்கார்ந்து முதுகுச் சாய்மானத்தைப் பிடித்து வெடுக்கென்று திரும்பி "கடக்" சத்தம் வர வைப்பது, அதை விட்டுவிடுங்கள். கீழ் முதுகில் உள்ள ஐந்து எலும்புகளின் மூட்டுகள் முன்னும் பின்னும் வளைய அமைந்தவை, திரும்புவதற்கு மிகக் குறைவாகவே இடம் கொடுக்கும். விலா எலும்பு சேர்கிற 12 எலும்புகள்தான் கூடுதலாகத் திரும்பக்கூடியவை. அதனால் ஒருக்களித்துப் படுத்து, இரண்டு முட்டியையும் மடக்கி ஒன்றன்மேல் ஒன்று வைத்து, மேல் கையை மட்டும் புத்தகம் திறப்பதுபோலப் பின்பக்கம் விரியுங்கள். முட்டிகள் பிரியாத வரைக்கும் கீழ் முதுகு பத்திரம்.

எப்போது செய்வது? எழுந்தவுடனே குனிகிற ஸ்ட்ரெச் வேண்டாம். படுத்திருக்கும்போது முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் டிஸ்க்குகள் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும், எழுந்த நேரத்தில் நாம் கொஞ்சம் உயரமாகவே இருக்கிறோம். அந்த நேரம் குனிந்தால் டிஸ்க் மேல் அழுத்தம் கூடுதல். ஒரு மணி நேரமாவது போகட்டும். நைட் ஷிப்ட் பார்ப்பவர்களுக்கு மத்தியானம் இரண்டு மணிக்கு எழுந்தால் அதுதான் காலை, கணக்கை அங்கிருந்து போடுங்கள்.

செய்யும் முன் ஐந்து, பத்து நிமிடம் வேகமாக நடங்கள். நம்ம ஊர்ப் புழுக்கத்தில் சும்மா நின்றாலே வேர்க்கும், வேர்த்ததால் உடம்பு தயார் என்று நினைக்காதீர்கள். தசை சூடாவது அசைவால்.

வீட்டில் எலும்பு மெலிந்து பலவீனமாகும் நோய் (ஆஸ்டியோபோரோசிஸ்) உள்ள அம்மா, பாட்டி இருந்தால் அவர்களை முதுகைச் சுருட்டிக் குனிய வைக்காதீர்கள், பலவீனமான முள்ளெலும்பு அதிலேயே நொறுங்கக்கூடும். வலி முட்டிக்குக் கீழே இறங்கினாலோ, கால் மரத்தாலோ ஸ்ட்ரெச்சை நிறுத்திவிட்டு அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்கு 1 வெள்ளிதான், செலவை நினைத்துத் தள்ளிப்போட வேண்டியதில்லை. உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ கிளினிக் திறக்கும் வரை காத்திருக்காதீர்கள். அன்றைக்கே, அந்த நிமிடமே, மருத்துவமனை அவசரப் பிரிவு. அழைக்க வேண்டிய எண் 999.