கிணற்று மண்ணில் ஒரு கடல்

வணக்கம் நேயர்களே.

புதுச்சேரிக்கு மேற்கே வழுதாவூர் பக்கம் கிணறு வெட்டும்போது சுண்ணாம்பு கலந்த களி வரும். அதை வரப்போரம் கொட்டிவிடுவார்கள். என் மாணவர்களை அழைத்துப் போனால் அந்தக் குவியலில்தான் முதலில் கை வைக்கச் சொல்வேன்.

ஒரு பிடி களியைத் தண்ணீரில் ஊறவைத்து, 63 மைக்ரான் சல்லடையில் குழாயடியில் பிடித்து அலச வேண்டும். சேறெல்லாம் போய், ஒரு கரண்டி அளவு பொடி மிஞ்சும். அதைக் காயவைத்துக் கறுப்புத் தட்டில் தூவி, நுண்ணோக்கியில் பாருங்கள். ரவையைவிடச் சிறிய, சுருள் சுருளாக அறை கட்டிய ஓடுகள் தெரியும். இவைதான் ஃபொராமினிஃபெரா. ஒற்றைச் செல் உயிர் கட்டிய வீடு. நனைத்த தூரிகை நுனியில் ஒட்டவைத்து ஒவ்வொன்றாகப் பொறுக்குவோம்.

அவற்றில் ஒன்று குளோபோட்ரங்கானா. ஓட்டின் விளிம்பைச் சுற்றி வயல் வரப்பு போல இரண்டு மேடுகள் ஓடும். கடலில் மிதந்து வாழ்ந்த இந்த இனம், சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்களோடு அழிந்துபோனது. ஆகவே அது புதைந்திருக்கும் பாறை அதற்கும் முந்தியது. காரசூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புப் பாறைகளோ அழிவுக்குப் பிறகு படிந்தவை. அங்கே புதிய இனங்கள்தான். பழைய பாறை அரிபட்டு, அதிலிருந்த ஓடு மேலடுக்கில் வந்து சேர்வதும் உண்டு. அதன் தேய்மானமே காட்டிக்கொடுத்துவிடும்.

திருவக்கரை கல்மரங்களைப் பார்த்து வியக்காதவர் இல்லை. ஆனால் காலம் சொல்வதில் இந்தப் பொடிசுகளை எந்த மரமும் மிஞ்சாது என்பேன். ஆழ்துளைக் கருவி பெரிய சங்கை நொறுக்கிவிடும். நகக்கண் அளவு சில்லிலும் இவை முழுதாக வந்து சேரும். எண்ணெய் தேடுவோர் இவற்றை நம்புவது அதனால்தான்.

ஆழத்தையும் இவை சொல்லும். மிதந்தவை மிகுதியாக இருந்தால் கரையிலிருந்து தொலைவான கடல். தரையில் ஊர்ந்தவை மட்டும் என்றால் கரையோரம். கடலூர் உப்பனாறு போன்ற கழிமுகச் சேற்றில் அம்மோனியா என்ற இனம் நிறையக் கிடைக்கும். உப்பு ஏறி இறங்கினாலும் தாங்கும். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி பழைய சதுப்புக்காடு. சதுப்பின் புளிப்பில் சுண்ணாம்பு ஓடு கரைந்துவிடும். அங்கே மகரந்தத் தூள்தான் சாட்சி. அதன் தோல் அத்தனை உறுதி.

உங்கள் ஊரில் கிணறு வெட்டினால், பத்தடிக்கு ஒரு பிடி மண்ணைத் தனித்தனிப் பையில் கட்டி, ஆழத்தை எழுதிவையுங்கள். ஆழம் குறிக்காத மண்ணை வைத்து எங்களால் அடுக்கின் வரிசையைச் சொல்ல முடியாது.