காற்றுக்கு என்ன காசு?

நேயர்களுக்கு வணக்கம். பாலிடெக்னிக்கில் 31 வருடம் ஆட்டோமொபைல் பாடம் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவன் நான். பேச அழைத்தபோது இன்ஜின், கியர்பாக்ஸ் என்று ஏதாவது கேட்பார்கள் என்று நினைத்தேன். "எல்லா வீட்டுக்கும் பயன்படுகிற மாதிரி இருக்கட்டும் சார்" என்றார்கள். சரி, காற்றைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். நாம் மூச்சு விடுகிற காற்று இல்லை, வண்டி மூச்சு விடுகிற காற்று.

பெட்ரோல் பங்கில் பெட்ரோல் போட்டு முடித்ததும் பக்கத்தில் காற்று பிடிக்கிற இடத்தைப் பார்க்கிறீர்கள். பின் டயர் லேசாக அமுங்கினது போல இருக்கிறது. வண்டியை அந்தப் பக்கம் திருப்பலாமா என்று யோசிக்கிறீர்கள். கை தானாகச் சட்டைப் பையைத் தடவுகிறது. சில்லறை இல்லை. பெட்ரோலுக்குக்கூட ஜிபேதான் செய்தீர்கள். அங்கே ஒரு பெரியவர் முக்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் போய் 500 ரூபாய் நோட்டை நீட்ட முடியுமா? "அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம்" என்று வண்டியை வீட்டுக்கு விட்டுவிடுகிறீர்கள். அந்த அடுத்த தடவை பெரும்பாலும் பஞ்சர் கடையில்தான் வரும்.

இதை நானே எத்தனையோ தடவை செய்திருக்கிறேன். டயர் பாடம் நடத்தினவனே இப்படி!

வேடிக்கை என்னவென்றால், அந்தக் காற்றுக்கு நாம் காசு கொடுக்க வேண்டியதே இல்லை. இந்தியாவில் அரசு எண்ணெய் நிறுவனங்களின் பெட்ரோல் பங்குகளுக்கு விற்பனை ஒழுங்கு விதிகள் என்று ஒரு புத்தகம் உண்டு. பங்கில் இலவசக் காற்று இருக்க வேண்டும், குடிதண்ணீர் இருக்க வேண்டும், கழிப்பறை, முதலுதவிப் பெட்டி, புகார்ப் புத்தகம் இருக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. பெட்ரோல் அளவில் சந்தேகம் வந்தால் 5 லிட்டர் அளவுக் குடுவையில் பிடித்துக் காட்டச் சொல்லலாம். அந்தப் பகுதி விற்பனை அதிகாரியின் தொலைபேசி எண்ணும் பங்கில் எழுதியிருக்கும். அடுத்த முறை சுவரைப் பாருங்கள், எங்காவது ஒரு மூலையில் இருக்கும்.

விதி இலவசம் என்கிறது, நடைமுறையில் ஐந்தோ பத்தோ கை மாறுகிறது. இதை லஞ்சம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

சின்ன வயதில் எங்கள் தெருமுனையில் ஒரு வாடகை சைக்கிள் கடை இருந்தது. வாசலில் இரண்டு காலையும் வைத்து மிதித்துப் பிடிக்கிற பெரிய கைப்பம்பு ஒன்று நிற்கும். நாமே அடித்துக்கொண்டால் காசு கிடையாது. கடைப் பையன் அடித்தால் 10 காசு. எங்களிடம் அந்தப் 10 காசு இருக்காது, அதனால் நாங்களே அடிப்போம். பம்பு எங்கள் நெஞ்சு உயரத்துக்கு இருக்கும். கைப்பிடியை அழுத்தும்போது கால் தரையில் நிற்காது, உடம்பே மேலே போகும். வால்வின் மேல் மாட்டுகிற சின்ன ரப்பர் குழாயான வால் டியூப் கிழிந்திருந்தால் அடிக்க அடிக்க புஸ்ஸென்று போய்க்கொண்டே இருக்கும். அதற்குத் தனியாக 5 காசு. கடைக்காரர் கணக்கு ரொம்பச் சுத்தம்: காற்றுக்குக் காசு இல்லை, கைக்குத்தான் காசு.

இன்றைய பங்கில் அந்தக் கணக்கு குழம்பிக் கிடக்கிறது. நான் வழக்கமாகப் போகிற இடத்தில் காற்று பிடிப்பவரிடம் ஒருநாள் பேச்சுக் கொடுத்தேன். "பங்க்ல சம்பளம் எவ்வளவுங்க?" என்று கேட்டேன். "சம்பளமா? இந்தக் காசுதான் சார் சம்பளம்" என்றார். பங்கு அவருக்கு இடம் கொடுத்திருக்கிறது, மெஷின் கொடுத்திருக்கிறது, சில்லறையை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறது. அதாவது இலவசமாகத் தர வேண்டிய ஒரு வேலைக்கான கூலியை, யார் தருவது என்று சொல்லாமலேயே வண்டிக்காரர்கள் தலையில் போட்டுவிட்டார்கள். பெரியவர் வாய் திறந்து கேட்பதும் இல்லை. குழாயைச் சுருட்டிக்கொண்டே பார்ப்பார், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்குப் பயந்துதான் பாதிப் பேர் காற்றே பிடிக்காமல் போகிறார்கள் என்பது என் அனுமானம்.

காற்றுக்கு உண்மையில் எவ்வளவு செலவாகிறது? ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு சின்னக் காரின் டயருக்குள் சுமார் 35 லிட்டர் இடம் இருக்கிறது என்று வையுங்கள். அழுத்தம் 7 பாயிண்ட் குறைந்திருக்கிறது (பாயிண்ட் என்று நாம் சொல்வது பி.எஸ்.ஐ. என்கிற அழுத்த அளவு), அதைச் சரிசெய்ய வேண்டும். வெளிக்காற்று சுமார் 17 லிட்டர் உள்ளே போக வேண்டும். 2 குதிரைத்திறன் கம்ப்ரஸர் அதை ஐந்தாறு விநாடியில் தள்ளிவிடும். யூனிட் 10 ரூபாய் என்றே வைத்தாலும் ஒரு டயருக்கு 2 பைசா மின்சாரம், நான்கு டயருக்கும் சேர்த்து 10 பைசாகூட வரவில்லை.

செலவு வேறு இடத்தில் இருக்கிறது. குழாய் மேல் லாரி ஏறும், வெடிக்கும். வாய்ப்பகுதியில் இருக்கிற ரப்பர் வாஷர் தேயும். அது தேய்ந்தால் எவ்வளவு அழுத்திப் பிடித்தாலும் சீறும். கம்ப்ரஸர் தொட்டிக்குள் காற்றிலிருக்கிற ஈரம் தண்ணீராகச் சேரும். கடலோர ஊர்களில் கேட்கவே வேண்டாம். தினமும் கீழே இருக்கிற திருகைத் திறந்து அந்தத் தண்ணீரை வெளியேற்றவில்லை என்றால் அது உங்கள் டயருக்குள் போகும். மீட்டர் கொஞ்சம் கொஞ்சமாகப் பொய் சொல்ல ஆரம்பிக்கும். இதற்கெல்லாம் பராமரிப்பும் வேண்டும், ஆளும் வேண்டும்.

வெளிநாட்டில் இதற்கு வேறு வழி கண்டுபிடித்தார்கள்: ஆளையே எடுத்துவிட்டார்கள். மகள் வீட்டுக்குக் கலிபோர்னியா போயிருந்தபோது ஒரு பங்கில் பார்த்தேன். ஆள் உயரத்தில் ஒரு பெட்டி, கார்டைத் தேய்த்தால் சில நிமிடம் ஓடும். முன்பெல்லாம் 25 சென்ட் நாணயம் போட்டால் போதுமாம், இப்போது டாலர் கணக்கு. நேரம் முடிவதற்குள் நான்கு சக்கரத்தையும் சுற்றி ஓட வேண்டும். முதல் சக்கரத்தின் மூடியைக் கழற்றுவதற்குள்ளேயே எனக்கு வேர்த்துவிட்டது. மகள் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே போய்க் கடைக்காரப் பெண்ணிடம் ஏதோ சொன்னாள். அவள் ஒரு பட்டனை அழுத்தினாள். பெட்டி தானே உறுமியது, காசே வாங்கவில்லை.

அப்புறம்தான் விசாரித்தேன். 2000 ஜனவரி முதல் அந்த மாநிலத்தில் சட்டம் இருக்கிறது. எரிபொருள் வாங்குகிற வாடிக்கையாளருக்குக் காற்று, தண்ணீர், அழுத்தம் பார்க்கிற கருவி மூன்றையும் இலவசமாகத் தர வேண்டும். தரவில்லை என்றால் புகார் செய்ய ஒரு எண்ணும் போர்டில் எழுதியிருக்க வேண்டும். கனெக்டிகட் மாநிலத்திலும் இலவசம்தான் என்று சட்டம். ஆனால் கேட்டால்தான் கிடைக்கும், கேட்காதவன் கார்டைத் தேய்ப்பான். நம் ஊரும் அவர்கள் ஊரும் இந்த ஒரு விஷயத்தில் சகோதரர்கள். இன்னொரு ஒற்றுமையும் உண்டு. குழாயை மாட்டுகிற வால்வு அங்கேயும் இங்கேயும் ஒன்றே. நூறு வருடத்துக்கும் மேலாக மாறாத ஒரு சின்னப் பித்தளைத் துண்டு.

சரி, இவ்வளவு பேசுகிற அளவுக்குக் காற்றில் என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது. பஞ்சரே ஆகாத நல்ல டயரும் மாதத்துக்கு ஒன்றிரண்டு பாயிண்ட் காற்றை ரப்பர் வழியாகவே இழக்கும். ஆறு மாதம் பார்க்காமல் விட்டால் 30 இருந்தது 20 ஆகி நிற்கும். கண்ணுக்குத் தெரியாது, இப்போதைய கார்களில் வருகிற ரேடியல் டயரில் சுத்தமாகத் தெரியாது. காற்று குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிரும். ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டே இருந்தால் சூடாகி ஒடியும் இல்லையா, அதே கதைதான். மே மாதம், நாற்கரச் சாலை, ஐந்து பேர், டிக்கி நிறைய சாமான், 100 கிலோமீட்டர் வேகம். அங்கேதான் டயர் வெடிக்கிறது.

இந்த இடத்தில் ஒரு பழைய நம்பிக்கையை உடைத்தாக வேண்டும். "வெயில் காலம், ரெண்டு பாயிண்ட் குறைச்சு வைங்க" என்று பலர் சொல்வார்கள். சூட்டில் காற்று விரிந்து வெடித்துவிடுமாம். தலைகீழான யோசனை இது! காலையில் 30 டிகிரி வெப்பத்தில் 30 பாயிண்ட் இருக்கிற டயர், ஓடி 60 டிகிரிக்குச் சூடானால் சுமார் 34 காட்டும். டயரைச் செய்தவனுக்கு இது தெரியும். அதையும் தாங்குகிற மாதிரித்தான் செய்திருக்கிறான். குறைத்து வைத்தால்தான் டயர் கூடுதலாக மடங்கும், கூடுதலாகச் சூடாகும். எந்தச் சூட்டுக்குப் பயந்து குறைத்தோமோ அதே சூட்டை நாமே வரவழைக்கிறோம். வண்டி ஓடி வந்த சூட்டோடு 34 காட்டுகிறதே என்று நான்கு பாயிண்ட் இறக்கிவிடுவதும் இதே தப்புதான். காலையில் வண்டி எடுத்ததும், இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் இருக்கிற பங்கிலேயே பார்த்துவிடுங்கள்.

எவ்வளவு வைப்பது? "முன்னாடி முப்பது, பின்னாடி நாப்பது" என்பது நம் ஊர் மந்திரம். பைக், ஸ்கூட்டர், மொபெட் எல்லாவற்றுக்கும் அதே மந்திரம். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று வண்டியிலேயே ஒட்டியிருக்கிறார்கள். காரில் டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும். பைக்கில் செயின் கவரிலோ பின் சக்கரம் பக்கத்திலோ இருக்கும், இல்லையென்றால் வண்டியோடு வந்த புத்தகத்தில். தனியாகப் போக ஒன்று, பின்னால் ஆள் உட்கார்ந்தால் ஒன்று என்று இரண்டு எண் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்து, காற்று பிடிப்பவரிடம் எண்ணை நீங்களே சொல்லுங்கள்.

நைட்ரஜன் பற்றியும் கேட்பீர்கள். ஒரு பங்கில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். காற்று மெஷின் மேல் "ரிப்பேர்" என்று அட்டை. பத்தடி தள்ளிப் பச்சை நிறத்தில் நைட்ரஜன் மெஷின், ஒரு டயருக்கு இத்தனை ரூபாய் என்று போர்டு. மூன்று மாதம் கழித்துப் போனேன், அதே அட்டை வெயிலில் வெளுத்துப்போய்த் தொங்கியது. நாம் சும்மா பிடிக்கிற காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அமெரிக்காவில் நுகர்வோருக்காகப் பொருட்களைச் சோதிக்கிற கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை, இரண்டு விதமாகவும் நிரப்பிய டயர்களை ஒரு வருடம் அப்படியே வைத்துப் பார்த்தது. நைட்ரஜன் டயர் சராசரியாக 2.2 பாயிண்ட் இறங்கியது, சாதாரணக் காற்று 3.5 பாயிண்ட். வருடத்துக்கு ஒரு பாயிண்ட் சொச்சம்தான் வித்தியாசம். விமானத்துக்கும் பந்தயக் காருக்கும் அது வேண்டும். மார்க்கெட்டுக்குப் போய் வருகிற ஸ்கூட்டருக்கு மாதம் ஒருமுறை சாதாரணக் காற்று போதும். நைட்ரஜனுக்கு அடையாளமாக வால்வில் மாட்டுகிற பச்சை மூடி அழகாக இருக்கிறது என்று போட்டுக்கொண்டால் அது வேறு விஷயம்.

அப்படியானால் என்ன செய்யச் சொல்கிறேன்? காற்று பிடிக்கிற இடத்தில் நிற்கிற மனிதருக்குப் பெட்ரோல் பங்க் உரிமையாளர் சம்பளம் கொடுக்க வேண்டும். எண்ணெய் நிறுவனங்கள் அவருக்கு டீலர் கமிஷன் போடும்போது ஆள் கூலி, மின்சாரம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துத்தான் போடுகிறார்கள். பெட்ரோல் அடிக்கிற பிள்ளைக்குச் சம்பளம் உண்டு, காற்று அடிக்கிற தாத்தாவுக்கு மட்டும் இல்லை என்பது எந்த ஊர் நியாயம்? "காற்று இலவசம்" என்று பெரிதாக, மெஷினுக்கு மேலேயே எழுதி வைக்கட்டும். சில்லறை இல்லாதவர் கூச்சமில்லாமல் வண்டியைத் திருப்புவார்.

நான் சொன்ன அந்தப் பெரியவரிடம் கடைசியாக ஒரு விஷயம் நடந்தது. டயர் அழுத்தம் பார்க்கிற பேனா மாதிரிக் கருவி ஒன்று என் ஸ்கூட்டர் டிக்கியில் எப்போதும் இருக்கும். அவர் மெஷின் பீப் அடித்து 30 என்று நின்றது. நான் என் கருவியை வைத்தேன், 26. நம்பாமல் வாங்கி அவரே வைத்துப் பார்த்தார். 26தான். எச்சிலைத் தொட்டு வால்வு வாயில் வைத்துப் பார்த்தார். குமிழி வரவில்லை, கசிவு இல்லை. மெஷினை ஒருமுறை முறைத்தார். "எத்தனை நாளா ஏமாத்துதோ, எத்தனை பேருக்குக் கம்மியா அடிச்சு அனுப்பினேனோ" என்றார். அவர் முகம் எனக்குப் பொறுக்கவில்லை. கருவியை அவரிடமே விட்டுவிட்டு வந்தேன்.

அடுத்த மாதம் போனபோது மெஷின் சரிசெய்யப்படவில்லை. ஆனால் மேலே சாக்பீஸில் "4 கூட்டி வைக்கவும்" என்று எழுதியிருந்தது. கருவி அவர் சட்டைப் பையில், பேனாவுக்குப் பக்கத்தில் இருந்தது. என் வண்டிக்கு வைத்துக் காட்டினார், சரியாக 30. பத்து ரூபாயை நீட்டினேன். "உங்ககிட்ட வேணாம் சார்" என்றார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அந்த நோட்டை அப்படியும் இப்படியும் தள்ளிக்கொண்டிருந்தோம், பின்னால் நின்ற ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்கிற வரைக்கும்.

நன்றி, வணக்கம்.