இருபத்தொரு கிலோ, இருபத்தைந்து கிலோ

அவையோருக்கு வணக்கம்.

"எல்லாக் கட்சியும் ஒன்றுதான், ஓட்டுப் போட்டு என்னத்தைக் கண்டோம்" என்ற பேச்சு கேட்காத தொழிலாளர் குடியிருப்பு இன்று இல்லை. அந்தக் கோபத்தில் தவறே இல்லை. கோபப்பட்ட பிறகு எங்கே போய் நிற்பது என்பதில்தான் கோட்டை விடுகிறோம். அதைப் பொதுப்படையாகப் பேசினால் காற்றில் போய்விடும். ஆகவே ஒரே ஊரை எடுத்துக்கொள்கிறேன்: மூணாறு, 2015.

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் இருக்கும் மூணாறில் தேயிலைக் கொழுந்து எடுக்கும் பெண்களில் பெரும்பாலோர் தமிழர்கள். தலைமுறை தலைமுறையாக, லயம் என்னும் தோட்டத்து வரிசை வீடுகளில் பிறந்து அங்கேயே வளர்ந்தவர்கள். டாடா டீ விலகிக்கொண்டபோது, 2005இல், கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளான்டேஷன்ஸ் என்ற கம்பெனி உருவானது. அதன் பங்குகளில் பெரும்பகுதி ஊழியர்களின் பெயரில்தான் இருந்தது. ஏட்டில் தொழிலாளியே பங்குதாரர். ஆனால் 2015 ஆகஸ்டு முடிந்து போனஸ் பேச்சு வந்தபோது, இருபது சதவீதத்தை ஒட்டிக் கிடைத்துவந்த தொகை பத்து சதவீதம் ஆகிவிட்டது. அன்றைய போனஸ் சட்டம் சொன்ன குறைந்தபட்சம் 8.33 சதவீதம், அதற்கு மேல் ஒன்றரைச் சொச்சம் சேர்த்ததுதான் அந்தப் பத்து. அப்போது நாள் கூலி 232 ரூபாய்.

பெண்கள் இறங்கிவிட்டார்கள். கொச்சி–தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலையில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். 'பெம்பிளை ஒருமை', அதாவது பெண்கள் ஒற்றுமை, என்ற பெயர் அங்கேதான் நிலைத்தது. அவர்கள் கோபம் கம்பெனி மீது மட்டும் இல்லை. சி.ஐ.டி.யு., ஏ.ஐ.டி.யு.சி., ஐ.என்.டி.யு.சி. மூன்று சங்கத் தலைவர்களையும் கூட்டத்துக்குள் விட மறுத்தார்கள். தலைவர்கள் நிர்வாகத்தோடு ஒத்துப்போய்விட்டார்கள் என்று நேருக்கு நேர் குற்றம் சாட்டினார்கள். மார்க்சிஸ்ட் கட்சியின் தேவிகுளம் எம்.எல்.ஏ. எஸ். ராஜேந்திரன் வந்தார், திருப்பி அனுப்பப்பட்டார். அதே கட்சியைச் சேர்ந்த, அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர் வி.எஸ். அச்சுதானந்தனை மட்டும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்கள். ஆக, கொடியின் நிறத்தை அவர்கள் பார்க்கவில்லை. தங்களை யார் கேட்கிறார்கள் என்று பார்த்தார்கள்.

ஒன்பது நாள். செப்டம்பர் 13 அன்று முதலமைச்சர் உம்மன் சாண்டி முன்னிலையில் பேச்சு முடிந்தது: போனஸ் 8.33, கருணைத் தொகை 11.67, கூட்டினால் இருபது. வருஷக்கணக்கில் சந்தா வாங்கிய சங்கங்கள் கைவிட்டதை, சங்கமே இல்லாத பெண்கள் வாங்கிவிட்டார்கள். இந்த வெற்றிக் கதை எல்லோருக்கும் தெரியும். அடுத்த மாதம் நடந்ததைத்தான் யாரும் பேசுவதில்லை.

நாள் கூலி 500 ரூபாய் வேண்டும் என்பது அடுத்த கோரிக்கை. கேரளத்தில் தோட்டக் கூலியைத் தீர்மானிப்பது பிளான்டேஷன் லேபர் கமிட்டி. அரசு, முதலாளிகள், அங்கீகாரம் பெற்ற சங்கங்கள் ஆகிய மூன்று தரப்புக்குத்தான் அங்கே நாற்காலி. பெம்பிளை ஒருமைக்கு அந்த மேசையில் இடம் கிடையாது. முதல் மாதம் யாரை விரட்டினார்களோ, அவர்களே இவர்களுக்காகப் பேசினார்கள். அக்டோபரில் உடன்பாடு வந்தது: தேயிலைக்கு 301 ரூபாய். ஆனால் ஒரு நாளைக்குக் கட்டாயமாக எடுக்க வேண்டிய கொழுந்து 21 கிலோவிலிருந்து 25 கிலோ ஆனது.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் போட்டுப் பாருங்கள். 232 ரூபாயை 21ஆல் வகுத்தால் கிலோவுக்கு 11 ரூபாய் 5 காசு. 301 ரூபாயை 25ஆல் வகுத்தால் 12 ரூபாய் 4 காசு. கூலி உயர்வு என்று பத்திரிகையில் வந்தது 69 ரூபாய், கிட்டத்தட்ட முப்பது சதவீதம். உழைப்பின் விலை கூடியதோ கிலோவுக்கு ஒரு ரூபாய்கூட முழுதாக இல்லை, ஒன்பது சதவீதம். அதோடு போகவில்லை. முன்பு 22ஆவது கிலோவிலிருந்து மிகைக் கொழுந்துக்குத் தனிக் காசு உண்டு. இப்போது அந்த நான்கு கிலோவும் கூலிக்குள் போய்விட்டது. கொழுந்து குறையும் வறட்சி மாதங்களில் அந்த நான்கு கிலோ எவ்வளவு பெரியது என்று முதுகில் பை சுமந்தவரைக் கேட்க வேண்டும். கையில் வரும் காசு கூடியது உண்மை, அதை மறுக்கவில்லை. ஆனால் எடை அளவு பற்றிய அந்த ஒரு வரி எழுதப்பட்டபோது, கொழுந்து எடுக்கிறவர் ஒருவராவது மேசையில் இருந்திருந்தால் விவாதம் வேறு மாதிரி போயிருக்கும்.

நவம்பரில் உள்ளாட்சித் தேர்தல். கட்சி இல்லை, சின்னத்துக்குப் பழக்கம் இல்லை, பணம் இல்லை. ஆனாலும் தேவிகுளம் ஒன்றியப் பஞ்சாயத்தின் நல்லதண்ணி டிவிஷனில், போராட்டத்தை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவரான கோமதி ஜெயித்தார். மூணாறு கிராமப் பஞ்சாயத்திலும் இரண்டு வார்டுகள் கிடைத்தன. ஆறே மாதம் கழித்து, 2016 மே மாதம், சட்டமன்றத் தேர்தல். சாலையில் திருப்பி அனுப்பப்பட்ட அதே ராஜேந்திரன் மறுபடி ஜெயித்தார். பெம்பிளை ஒருமையின் வேட்பாளர் எடுபடவில்லை.

மக்கள் மறந்துவிட்டார்கள் என்று சொல்வது சோம்பேறித்தனம். வார்டில் ஓட்டு கேட்கிறவர் ஒரே பெரட்டில், அதாவது காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், கூட நின்ற ஆள். முகம் தெரியும், அது போதும். சட்டமன்றத் தொகுதியில் நூற்றுக்கும் மேற்பட்ட வாக்குச்சாவடி. ஒவ்வொன்றிலும் காலை மாதிரி வாக்குப்பதிவிலிருந்து மாலை முத்திரை வைக்கும்வரை உட்கார ஓர் ஏஜெண்டு வேண்டும். முடிந்ததும் பதிவான ஓட்டுக் கணக்கு எழுதிய 17சி படிவத்தின் நகலை வாங்க வேண்டும். பட்டியலில் பெயர் விட்டுப்போனவரை மாதங்களுக்கு முன்பே கண்டுபிடித்துச் சேர்க்க வேண்டும். இதை எல்லாச் சாவடியிலும் செய்யக்கூடிய ஆட்கள் பழைய சங்கங்களிடம் இருந்தார்கள். புதியவர்களிடம் கோபமும் நியாயமும் இருந்தன.

சங்கத்துக்கு இன்னொரு பலம் சந்தா. தோட்டத் தொழிலில் சந்தாவைச் சம்பளத்திலேயே பிடித்துச் சங்கத்துக்குக் கொடுப்பது பழைய வழக்கம். தலைவர் லயத்துப் படியேற வேண்டியதில்லை. காசு ஆபீசிலிருந்தே வந்துவிடும். பிறகு அவர் யாருக்குப் பதில் சொல்வார்? என்னைக் கேட்டால், மாற்றத்தின் முதல் வேலை இங்கேதான்: சந்தாவை மாதாமாதம் கையில் வாங்குவது, ரசீது கொடுப்பது, வரவு செலவை லயத்தில் வாசிப்பது. அலுப்பான வேலைதான். இதைச் செய்யாத புதுச் சங்கம் இரண்டே வருஷத்தில் பழைய சங்கம் ஆகிவிடும். பதிவு செய்வதற்கும் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தின் 2001 திருத்தத்தில் வந்து, 2025 நவம்பரில் அதற்குப் பதிலாக அமலான தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் தொடரும் விதிப்படி, நிறுவனத் தொழிலாளர்களில் பத்து சதவீதம் அல்லது நூறு பேர், இரண்டில் எது குறைவோ அத்தனை உறுப்பினர் காட்ட வேண்டும். எப்படியும் ஏழு பேருக்குக் குறையக் கூடாது. போராட்டம் சூடாக இருக்கும்போதே கையெழுத்து வாங்கிவிட வேண்டும். ஆறு மாதம் தள்ளினால் நூறு பேர் கிடைக்க மாட்டார்கள்.

அடுத்தது ஊராட்சி. கேரளத்தில் கிராமசபை வார்டுவாரியாக நடக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட்ட வேண்டும். பத்து சதவீத வாக்காளர் வந்தால்தான் கூட்டம் செல்லும். பத்து சதவீதம் பேர் எழுதிக் கேட்டால் சிறப்புக் கூட்டமும் கூட்டியாக வேண்டும். தொடர்ந்து இரண்டு தடவை கூட்டாத வார்டு உறுப்பினர் பதவியே இழக்கலாம். இத்தனை பல் உள்ள சட்டம் நம் தமிழ்நாட்டில்கூட இல்லை. ஆனால் கூட்டம் வேலை நாளில் வைத்தால் கொழுந்து எடுக்கிறவர் ஒரு நாள் கூலியை இழந்துதான் வர வேண்டும். கையெழுத்துப் புத்தகம் மட்டும் லயத்துக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை வை என்று கேட்பதே ஒரு அரசியல் கோரிக்கை. தீர்மானம் மலையாளத்தில் எழுதப்பட்டால், கையெழுத்துக்கு முன் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்வதும் அப்படித்தான்.

அங்கே ஒரு முட்டுக்கட்டையும் உண்டு. லயம் நிற்கும் நிலம் கம்பெனியின் கையில். வீடு தருவதை 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம் முதலாளியின் கடமை ஆக்கியது. ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஆகவே வீடு பற்றிக் கேட்டால் பஞ்சாயத்து கம்பெனியைக் காட்டும், கம்பெனி நஷ்டக் கணக்கைக் காட்டும். 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்கள் புதைந்து எழுபது பேர் மாண்டபோதுதான் வெளியுலகம் அந்த வீடுகளைப் பார்த்தது. வீட்டுமனைக் கோரிக்கையை வார்டில் வைத்துப் பயனில்லை. வருவாய்த் துறையிடமும் சட்டமன்றத்திடமும் வைக்க வேண்டும். அதற்குத்தான் அந்த நூற்றுச் சொச்சம் சாவடிகளிலும் ஆள் வேண்டும் என்கிறேன்.

எனவே இங்கே வந்திருப்பவர்கள், தேயிலையோ துப்புரவோ தையலோ, உங்கள் கூலி எந்தக் கமிட்டியில் தீர்மானமாகிறது, அதில் உங்கள் பெயரில் உட்கார்ந்திருப்பவர் யார் என்று இந்த வாரமே விசாரியுங்கள். கடைசியாகக் கையெழுத்தான ஒப்பந்தத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். கூலி எழுதிய பக்கத்தோடு நிறுத்தாதீர்கள். வேலை அளவு எழுதிய பக்கத்தையும் படியுங்கள்.