பள்ளிக்கூடத்துக்கு முந்திய நான்கு வருடங்கள்

பெரியவர்களுக்கும் பெற்றோருக்கும் இளம் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

வட ஒன்ராறியோவில் நான் செய்யும் வேலையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். கப்பஸ்கேசிங்குக்கும் ஹேர்ஸ்டுக்கும் இடையில், 11ஆம் நெடுஞ்சாலையோரச் சிற்றூர் ஒன்றில், பிரெஞ்சு மொழிக் குழந்தைகள் பராமரிப்பு நிலையத்தில் ஆசிரியையாக இருக்கிறேன். ரொறன்ரோவிலிருந்து 800 கிலோமீற்றருக்கு மேல். நான் மொன்றியலில் வளர்ந்தவள். கியூபெக்கின் 1977 மொழிச் சட்டத்தால் எங்களைப் போன்ற குடியேறிய வீட்டுப் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்குத்தான் போனோம். அந்தப் பிரெஞ்சுதான் இன்று எனக்குச் சோறு போடுகிறது.

கியூபெக்குக்கு வெளியே யார் பிரெஞ்சு கதைக்கிறார்கள் என்று பலர் கேட்கிறார்கள். எங்கள் பக்கம் கடையிலும் கராஜிலும் தேவாலயத்திலும் அதுதான் கேட்கும். ஆனால் அது சும்மா நிலைத்த மொழியல்ல. 1912இல் ஒன்ராறியோ அரசு 17ஆம் ஒழுங்குவிதியைக் கொண்டுவந்து, முதல் இரண்டு வகுப்புகளுக்கு மேல் பிரெஞ்சில் படிப்பிக்கக் கூடாது என்றது. 1916 ஜனவரியில் ஒட்டாவாவின் கீக் பள்ளியில், தடையை மீறிப் படிப்பித்த டெலோஜ் சகோதரிகளைக் காப்பாற்றத் தாய்மார் தொப்பி ஊசிகளோடு வாசலில் காவல் நின்றார்கள். 1927இல்தான் அந்த விதி கைவிடப்பட்டது. 1982இல் கனடாவின் உரிமைகள் சாசனத்தின் 23ஆம் பிரிவு, பிரெஞ்சுப் பள்ளியைப் பிரெஞ்சு மொழிப் பெற்றோரின் உரிமையாக்கியது.

நான் சொல்ல வந்தது இங்கேதான் இருக்கிறது. அந்தப் பிரிவு பள்ளிக்கூடத்தைப் பற்றித்தான் பேசுகிறது. பிள்ளை பாலர் வகுப்புக்கு வருவது நான்கு வயதில். எங்கள் ஊரில் பல வீடுகளில் அப்பா, அம்மா இருவரில் ஒருவருக்குத்தான் பிரெஞ்சு தெரியும். வீட்டுப் பேச்சு ஆங்கிலம், டிவியும் ராப்லெற்றும் ஆங்கிலம். பராமரிப்பு நிலையத்தில் பிரெஞ்சு கிடைக்கவில்லையென்றால், நான்கு வயதில் அந்தப் பிள்ளை ஒன்றும் விளங்காமல் பள்ளி வாசலில் நின்று அழும். பெற்றோர் மனமிரங்கி ஆங்கிலப் பள்ளியில் சேர்ப்பார்கள். நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்த உரிமை முக்கியமாகப் பெற்றோரின் முதல் மொழியையும் அவர்கள் படித்த பள்ளியையும் வைத்து வருகிறது. ஆங்கிலம் கதைத்து ஆங்கிலத்தில் படித்த அந்தப் பிள்ளை நாளைக்குத் தாயாகும்போது, தன் பிள்ளைக்கு அதை உரிமையாகக் கேட்க முடியாது, அனுமதிக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டிவரும். தொப்பி ஊசியோடு நின்று காத்தது ஒரே தலைமுறையில் கைநழுவிப் போகலாம். அதனால்தான் எங்கள் வேலையைப் 'பிள்ளை பார்க்கிற வேலை' என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

மொழியை எங்கே படிப்பிக்கிறோம் தெரியுமா? பெரும்பாலும் உடுப்பு மாட்டும் இடத்தில்தான். நாளுக்கு ஆறு மணிநேரத்துக்குக் குறையாமல் நிலையத்தில் இருக்கும் பிள்ளைகளை, வானிலை இடம்கொடுத்தால், இரண்டு மணிநேரமாவது வெளியே விளையாட விடவேண்டும் என்பது மாகாண விதி. எங்கள் குளிரில் அதற்கு முதலில் ஸ்னோ பான்ற்ஸ், பிறகு பூற்ஸ், ஜக்கற், தொப்பி, கடைசியில்தான் கையுறை. கையுறையை முதலில் போட்டால் பிள்ளையால் ஸிப்பைப் பிடிக்க முடியாது. எட்டுப் பிள்ளைகளுக்கு இது முடிய அரைமணிநேரம் பிடிக்கும். அந்த அரைமணிநேரமும் வாய் ஓயாது. மற்றக் காலைத் தா, தள்ளு, இழு, உன் தொப்பி எங்கே, எல்லாம் பிரெஞ்சில். மூன்று வயதுக்காரி ஒருத்தி ஸிப் சிக்கிவிட்டது என்று ஆங்கிலத்தில் அழுவாள். நான் திருத்துவதில்லை. "ஓ, ஸிப் சிக்கிவிட்டதா? வா, இழுப்போம்" என்று பிரெஞ்சில் திருப்பிச் சொல்லி, அவள் கையோடு கை வைத்து இழுப்பேன். பனி கரைவதற்கு முன்பே அவள் பக்கத்துப் பையனின் ஜக்கற்றைப் பிடித்துக்கொண்டு "இழு, இழு" என்று பிரெஞ்சில் கட்டளையிட்டாள். என்னோடு வேலை செய்பவர் கமரூனிலிருந்து வந்தவர். அவருடைய உச்சரிப்பும் என் மொன்றியல் உச்சரிப்பும் ஊர் உச்சரிப்பும் எங்கள் பிள்ளைகளின் வாயில் சேர்ந்தே வருகின்றன.

சரி, கஷ்டத்தையும் சொல்லவேண்டும். இரண்டரை வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளில் எட்டுப் பேருக்கு ஒரு பணியாளர், அதற்குக் கீழே ஒன்றரை வயது வரைக்கும் ஐந்து பேருக்கு ஒருவர் என்பது விதி. நல்ல விதி, மாற்றக் கூடாது. ஆனால் பதினாறு பிள்ளைகள் உள்ள அறையில் பணியாளர் இருவரில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால், நகரத்தில் பதிலுக்கு ஆள் கிடைக்கும். எங்களுக்கு யார்? இன்றைக்குப் பிள்ளையைக் கொண்டுவர வேண்டாம் என்று எட்டு வீடுகளுக்குப் போன் அடிக்கிறோம். அன்றைக்கு ஒரு தாதி வேலைக்குப் போகமாட்டார், மர ஆலையில் ஒருவரின் ஷிஃப்ற் போய்விடும்.

2021இல் மத்திய அரசு நாளுக்குச் சராசரி 10 டொலர் என்ற திட்டத்தை அறிவித்தது. ஒன்ராறியோவில் அதில் சேர்ந்த நிலையங்கள் 2025 ஜனவரி முதல் 22 டொலருக்கு மேல் அறவிட முடியாது. பெற்றோருக்குப் பெரிய நிம்மதிதான். ஆனால் கட்டணம் குறைந்ததும் காத்திருப்போர் பட்டியல் நீண்டது, ஆட்கள் கூடவில்லை. அந்த நிலையங்களில் பதிவுபெற்ற ஆசிரியைக்கு 2024இல் மணிக்கு 23.86 டொலர் அடிப்படைச் சம்பளமாக்கினார்கள். அதே டிப்ளோமாவுக்குப் பள்ளிச் சபையின் பாலர் வகுப்பில் கூடுதலாகத் தருகிறார்கள். வாடகை கட்டவேண்டிய பெண் எங்கே போவாள்? சின்ன ஊரில் ஒருத்தி போனால் ஒரு அறையே பூட்டப்படும். சம்பளம் இரண்டு இடத்திலும் ஒன்றாக இருக்கவேண்டும் என்று நான் எந்த மேடையிலும் கேட்பேன்.

இந்த மண்டபத்தில் மொன்றியலில் படித்தவர்களும் பிரெஞ்சு இமெர்ஷனில், அதாவது ஆங்கிலப் பள்ளியில் பாடங்களைப் பிரெஞ்சில் படிப்பிக்கும் வகுப்புகளில், படித்தவர்களும் இருக்கிறீர்கள். சட்பரியைத் தலைமையிடமாகக் கொண்ட கொலேஜ் போரெயால் என்ற பிரெஞ்சு மொழிக் கல்லூரிக்கு ஹேர்ஸ்டிலும் கப்பஸ்கேசிங்கிலும் வளாகங்கள் உண்டு. இந்த வேலைக்கான படிப்பு இரண்டு வருடம். வேலைக்குக் கூப்பிட்டால் மூன்று விஷயம் கேளுங்கள்: பதிலாள் இருக்கிறாரா, பாடம் தயாரிக்கும் நேரத்துக்குச் சம்பளம் உண்டா, வீடு தேட உதவுவார்களா. அப்புறம், காருக்கு, குளிரில் எஞ்சினைச் சூடாக வைக்கும் பிளாக் ஹீற்றர் இல்லாமல் வராதீர்கள். விண்ணப்பம் எழுத உதவி வேண்டுமென்றால் கூட்டம் முடிந்ததும் முன்வரிசைக்கு வாருங்கள், இன்று இரவு நான் இங்கேதான் நிற்கிறேன்.