கரும்பு வண்டியும் ஒரு மஞ்சள் பல்பும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையிலிருந்து கேரளாவுக்கு லோடு கொண்டுபோவது என் தொழில். 22 வருடமாக ராத்திரி ஓட்டம்தான். முருங்கை, தக்காளி, கத்தரி ஏற்றி, தார்ப்பாய் போட்டுக் கயிறு முறுக்கிக் கிளம்பினால் பழனி, மடத்துக்குளம், உடுமலை, பொள்ளாச்சி, பாலக்காடு தாண்டி, விடிவதற்குள் திருச்சூரில் இறக்கியாக வேண்டும். ஊருக்குள் தெருவிளக்கு இருக்கும். ஊர் முடிந்தால் நம் வண்டி விளக்கு மட்டும்தான் துணை. அந்த இருட்டைப் பற்றிப் பேசத்தான் என்னை இங்கே கூப்பிட்டிருக்கிறார்கள்.

முதலில் அதில் இருக்கிற சுகத்தைச் சொல்லிவிடுகிறேன். பழைய ரோட்டில் இரண்டு பக்கமும் புளியமரம் நிற்கும். நெடுஞ்சாலைத் துறை அடிமரத்தில் பூசிய கறுப்பு வெள்ளைப் பட்டை, ஹெட்லைட் பட்டதும் ஒவ்வொன்றாக எழுந்து வரும். பழனி நெருங்க நெருங்க மலைக்கோயில் விளக்கு தெரியும். ரோடு வளையும்போது இடப்பக்கம் போகும், வலப்பக்கம் வரும், சில இடத்தில் காணாமல் போகும். நெய்க்காரப்பட்டிப் பக்கம் வெல்லம் காய்ச்சுகிற நாளில் கண்ணாடியை இறக்கிவிட்டால் போதும், கேபின் முழுக்கப் பாகு வாசனை. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எதிரே வந்து மோதும். தார்ப்பாய் படபடவென்று அடிக்கும், ஆக்சிலேட்டரை மிதித்தாலும் வண்டி முக்கும். கூடவே முகத்தில் சாரல். பகலில் அதே ரோட்டில் போனால் இதில் பாதிகூட நமக்குக் கிடைப்பதில்லை. வீட்டுக் கடன், பிள்ளைகள் படிப்பு என்று எத்தனையோ யோசனைகளை அந்த ரோட்டில்தான் யோசித்து முடித்திருக்கிறேன்.

ஆனால் அந்த நிம்மதிதான் ஆளை ஏமாற்றும். எதிரே ஒன்றும் தெரியவில்லை என்றால் எதிரே ஒன்றும் இல்லை என்று மனசு எடுத்துக்கொள்கிறது.

ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் ஓடும். ஆபத்தைக் கண் பார்த்து, மூளைக்கு உறைத்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்று ஒன்றரை நொடி. அதற்குள் 30 மீட்டர் போய்விடும். பிரேக் பிடித்த பிறகு வண்டி நிற்க இன்னொரு 35, 40 மீட்டர் வேண்டும். லோடு வண்டி என்றால் இன்னும் அதிகம். டிம் லைட் காட்டுவதோ சுமார் 40, 50 மீட்டர். அப்படியானால் டிம் லைட்டில் 80-ல் போகிறவர், தான் இன்னும் பார்க்காத இடத்துக்குள் வண்டியை விடுகிறார் என்று அர்த்தம்.

பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி. நான்கு வழிச்சாலை வராத காலம். மடத்துக்குளம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன், ஆலைக்குக் கரும்பு போகிற பருவம். எதிரே வந்த பஸ் ஒன்று டிம் அடிக்காமல் கண்ணில் ஹைபீமைக் கொட்டிவிட்டுப் போயிற்று. கண் இருட்டுக்கு முழுசாகப் பழக 20, 30 நிமிடம் ஆகும். அதைக் கெடுக்க ஒரு நொடி வெளிச்சம் போதும். எனக்கு முன்னால் ரோடே இல்லை, ஒரே கறுப்பு. தூரத்தில் நான் வழக்கமாக நிறுத்துகிற டீக்கடையின் மஞ்சள் பல்பு மட்டும் புள்ளியாகத் தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டே போனேன்.

திடீரென்று அந்தப் பல்பைக் காணவில்லை.

கரண்ட் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் இருந்த கிளீனர் தம்பி, "அண்ணே, ஏதோ மறைக்குதுண்ணே" என்றான். அவன் சொல்லி முடிப்பதற்குள் பிரேக்கில் ஏறி நின்றுவிட்டேன். பின்னால் பெட்டியெல்லாம் சரிந்து கேபினில் மோதியது. வண்டி நின்றபோது முன் கண்ணாடியில் கரும்புத் தோகை உரசிக்கொண்டிருந்தது. டிராக்டர் டிரெய்லர். பின்விளக்கு கிடையாது, சிவப்புச் சில்லுகூடக் கிடையாது.

ஓரத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் எழுந்து வந்தார். "அச்சு முறிஞ்சுபோச்சுங்க தம்பி. பையன் ஆளக் கூட்டியாரப் போயிருக்கானுங்க. பின்னாடி தழை போட்டிருக்கனுங்களே" என்றார்.

போட்டுத்தான் இருந்தார். வேப்பந்தழை, நாலு கல், முறைப்படி. அந்தத் தழை என் சக்கரத்துக்கு அடியில் கிடந்தது. பச்சைத் தழை பகலில் நல்ல அடையாளம்தான், ராத்திரி அது தார் நிறம்தான். வண்டி சரியானதும் பலர் அந்தக் கல்லை எடுக்காமல் போய்விடுகிறார்கள், அது அடுத்து பைக்கில் வருகிறவனுக்கு எமன். தயவுசெய்து கல்லை எடுத்து ஓரத்தில் போட்டுவிட்டுப் போங்கள்.

அவரிடம் கோபப்பட எனக்கு வாய் வரவில்லை, கை நடுங்கிக்கொண்டிருந்தது. எஃப்.சி. என்கிற வண்டித் தகுதிச் சான்றுக்காக என் வண்டிக்கு ஒட்டியது போக மிச்சம் இருந்த சிவப்பு ரிஃப்ளெக்டர் டேப் டேஷ்போர்டில் கிடந்தது. தம்பி டார்ச் பிடிக்க, டிரெய்லரின் பின்பலகையைத் துணியால் துடைத்து மூன்று துண்டு ஒட்டினேன். அவசரத்தில் மூன்றும் கோணல். கொஞ்ச தூரம் நடந்து போய் டார்ச் அடித்துப் பார்த்தேன். தணல் மாதிரி பளிச்சென்று தெரிந்தது. இவ்வளவுதானா, இதற்காகவா இரண்டு உயிர் போக இருந்தது என்று அழுகை வந்துவிட்டது எனக்கு.

அன்றிலிருந்து ஒரு சுருள் டேப் எப்போதும் வண்டியில் உண்டு. ரோட்டோரம் மாட்டு வண்டி, டிரெய்லர், தள்ளுவண்டி எது நின்றாலும் கேட்டுவிட்டு ஒட்டுவேன். யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

தைப்பூச சமயத்தில் மட்டும் எனக்கு மனசு பதறும். காரைக்குடிப் பக்கமிருந்தெல்லாம் பழனிக்கு நடந்தே வருகிறார்கள். வெயிலுக்குப் பயந்து ராத்திரியில் நடக்கிறார்கள், வெறும் காலோடு. சில இடங்களில் தனி நடைபாதை இருக்கிறது. இல்லாத இடத்தில் ஓரத்து ஜல்லியும் முள்ளும் குத்துவதால் தார் மேலேயே நடக்கிறார்கள். வண்டிக்காரர்கள் அவர்களைத் திட்டுவதைக் கேட்டிருக்கிறேன். ஒரு முறை செருப்பைக் கழற்றிவிட்டு அந்த ஜல்லியில் நடந்து பாருங்கள், அப்புறம் பேசுவோம். இப்போது தோள்பையில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிவிடுகிறார்கள், மிக நல்ல காரியம். வீட்டிலிருந்து யாராவது நடக்கக் கிளம்பினால் முன்பக்கமும் முதுகுப்பக்கமும் ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பார்த்து அனுப்புங்கள். தனி நடைபாதை இல்லாத ரோட்டில், வருகிற வண்டியைப் பார்த்தபடி வலது ஓரமாக நடக்கச் சொல்லுங்கள்.

ஓட்டுகிறவர்களுக்கும் ஒன்றிரண்டு சொல்கிறேன். எதிர் வெளிச்சம் கண்ணில் அடித்தால் அதைப் பார்க்காமல் இடது ஓர வெள்ளைக் கோட்டைப் பாருங்கள், வேகத்தைக் குறையுங்கள். முன் கண்ணாடியின் உள்பக்கத்தைத் துடையுங்கள், அந்த எண்ணெய்ப் படலம்தான் வெளிச்சத்தை அப்படிச் சிதற அடிக்கிறது. விடிகாலை 2 மணிக்கு மேல் கண் சொக்கினால் டீயை நம்பாதீர்கள், பெட்ரோல் பங்கில் ஓரங்கட்டி அரை மணி நேரம் படுங்கள். 80-ல் போகும்போது நாலு நொடி கண் மூடினால் கிட்டத்தட்ட 90 மீட்டர் ஆளில்லாமல் வண்டி ஓடியிருக்கும்.

அந்தப் பெரியவரை மறுபடி ஒரு முறை பார்த்தேன். இரண்டு மூன்று வாரம் கழித்து, அதே ரோடு. ரொம்ப தூரத்திலேயே மூன்று சிவப்புக் கோடு தெரிந்தது, மூன்றும் கோணல். வேகத்தைக் குறைத்துப் பக்கத்தில் போய் ஒரு ஹாரன் அடித்தேன். கரும்புக்கட்டின் மேலே துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் கையைத் தூக்கினார்.

நன்றி, வணக்கம்.