முதலில் பிரேக், பிறகு இறக்கை

நேயர்களுக்கு வணக்கம்.

சொந்தமாகப் பெரிய காற்றாலை கட்ட வேண்டும் என்று யோசனை கேட்டு என்னிடம் வருகிறவர்கள் எல்லாருக்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "எவ்வளவு கரண்ட் கிடைக்கும்?" நான் அதற்குப் பதில் சொல்வதில்லை. "எப்படி நிறுத்தப் போகிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்பேன். இன்னும் சுற்றவே ஆரம்பிக்காததை எதற்கு நிறுத்துவது என்பதுபோல ஒரு பார்வை பார்ப்பார்கள். இன்றைக்கு எனக்குக் கொடுத்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதியை இந்த ஒரு கேள்விக்கே செலவழிக்கப் போகிறேன். சலித்துக்கொள்ளாதீர்கள்.

பெரியது என்று நான் சொல்வது நெடுஞ்சாலையில் போகும்போது தூரத்தில் தெரியும் ராட்சதக் காற்றாலைகளை அல்ல. மூன்று இறக்கைகளும் சேர்ந்து சுற்றும் வட்டத்தின் குறுக்களவு 6 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ இரண்டு மாடி உயரம். வீட்டுப் பட்டறையில், லேத்தும் வெல்டிங்கும் தெரிந்த நாலு பேர் சேர்ந்தால் கட்டிவிடக்கூடிய அளவு இது. ஆளைக் கொல்லக்கூடிய அளவும் இதுதான்.

எதிர்காற்றில் சைக்கிள் மிதித்திருப்பீர்கள். காற்று கொஞ்சம் கூடினாலே கால் கெஞ்சும். எதிர்க்காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் உழைப்பும் இரண்டு மடங்கு என்று அது கணக்குப் பார்ப்பதில்லை. காற்றாலையிலும் அப்படித்தான். வேகம் இரட்டித்தால் ஒரு வினாடியில் இறக்கைகளைக் கடக்கும் காற்றின் அளவு இரட்டிக்கிறது; அந்தக் காற்றில் ஒவ்வொரு கிலோவும் சுமந்து வரும் ஆற்றலோ நான்கு மடங்காகிறது. இரண்டையும் பெருக்குங்கள். எட்டு மடங்கு.

இதை எண்ணில் சொல்கிறேன், மெதுவாகவே சொல்கிறேன். நம்முடைய 6 மீட்டர் வட்டத்தின் வழியாக மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் காற்று போனால், அதில் இருக்கும் சக்தி சுமார் 2.2 கிலோவாட். வேகம் 36 ஆனால் சுமார் 17 கிலோவாட். புயலுக்கு முன்னால் வருமே, அந்த மாதிரி 72 கிலோமீட்டர் காற்று அடித்தால்? சுமார் 140 கிலோவாட். ஒரு லாரி எஞ்சின். உங்கள் கொல்லைப்புறத்துக் கம்பத்தின் உச்சியில் ஒரு லாரி எஞ்சின், அதுவும் சாவி இல்லாமல்.

அவ்வளவையும் நாம் பிடித்துவிட முடியாது என்பது வேறு விஷயம். ஆல்பர்ட் பெட்ஸ் என்ற ஜெர்மானியர் 1920-ல் வெளியிட்ட கணக்கின்படி, எப்பேர்ப்பட்ட காற்றாலையும் காற்றிலிருந்து 59.3 சதவீதத்துக்கு மேல் எடுக்க முடியாது. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டால் இறக்கைக்குப் பின்னால் காற்று அப்படியே நின்றுவிடும். பின்னே வருகிற காற்றுக்கு வழி இருக்காது. வீட்டில் கட்டியது கால்பங்கு எடுத்தாலே நல்ல கைவேலை என்பேன். ஆக, 18 கிலோமீட்டர் காற்றில் உங்களுக்குக் கிடைப்பது ஐந்நூற்றைம்பது வாட் அளவில். கரண்ட் எவ்வளவு என்று கேட்டவர்களுக்குப் பதில் வந்துவிட்டது, பாருங்கள்! ஆனால் அந்த ஐந்நூற்றைம்பது வாட்டுக்காகக் கட்டும் இயந்திரம், 140 கிலோவாட் காற்று வரும் ராத்திரியிலும் அதே கம்பத்தின் மேல்தான் நிற்கும். என் கவலையெல்லாம் அந்த ராத்திரியைப் பற்றி.

இந்த இடத்தில் நான் டென்மார்க்குக்குப் போகாமல் இருக்க மாட்டேன். என்னைத் தெரிந்தவர்கள் இதைப் பல தடவை கேட்டிருப்பார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டென்மார்க்கின் மேற்குப் பகுதியில், உல்ஃப்போர்க் என்ற ஊருக்குப் பக்கத்தில், டுவிண்ட் என்ற இடத்தில் சில பள்ளிகள் இருந்தன. 1973 எண்ணெய் நெருக்கடி வந்தது. அணுமின் நிலையம் வேண்டுமா வேண்டாமா என்று நாடு முழுக்க வாக்குவாதம். அந்தப் பள்ளி ஆசிரியர்கள் 1975-ல் ஒரு காரியத்தை ஆரம்பித்தார்கள்: நாமே ஒரு காற்றாலை கட்டுவோம். 6 மீட்டர் அல்ல. 54 மீட்டர் வட்டம், 53 மீட்டர் கான்கிரீட் கோபுரம், 2 மெகாவாட் சக்தி. அவர்கள் காற்றாலைக் கம்பெனி இல்லை. ஆசிரியர்கள், மாணவர்கள், கேள்விப்பட்டு வந்து சேர்ந்த தன்னார்வலர்கள், எல்லாமாகச் சுமார் நானூறு பேர். பணம் பெரும்பாலும் அந்த ஆசிரியர்களின் சம்பளத்திலிருந்து போனது. பெரிய உறுப்புகளில் பல, வேறு எங்கோ உழைத்து ஓய்ந்த பழைய சாமான்கள். 1978 மார்ச்சில் அது சுற்ற ஆரம்பித்தது. இடையில் இறக்கைகளை மாற்றினார்கள். ஆனால் பிறகும் பல பத்தாண்டுகள் அது ஓடிக்கொண்டே இருந்தது. பெரும் கம்பெனிகளும் அரசாங்கங்களும் பணத்தைக் கொட்டிக் கட்டிய அந்தக் காலத்து மெகாவாட் காற்றாலைகள் பல, சில ஆண்டுகளிலேயே பழைய இரும்புக்குப் போயின.

இறக்கை விஷயத்தில் அவர்கள் செய்ததைக் கேளுங்கள். ஒரு இறக்கை 27 மீட்டர் நீளம், கண்ணாடி இழையில் கையால் வார்த்தது. இறக்கை எங்கே ஒடியும்? நுனியில் அல்ல, அச்சோடு பொருந்தும் அடியில். இழையையும் ரெசினையும் இரும்போடு வெறுமனே ஒட்டினால் ஒருநாள் பிரிந்துதான் போகும். ஜெர்மனியில் உல்ரிச் ஹூட்டர் என்ற பேராசிரியர் 1950-களிலேயே இதற்கு வழி கண்டிருந்தார். இறக்கையின் நீளவாக்கில் ஓடிவரும் இழைகளை அடியில் நறுக்கிவிடாமல், ஒவ்வொரு போல்ட் குழாயையும் சுற்றி வளைத்து, மறுபடி இறக்கைக்குள்ளேயே திருப்பி அனுப்புவது. இழுக்க இழுக்க இழை போல்ட்டை இறுக்கிப் பிடிக்கும். டுவிண்டுக்காரர்கள் புதிதாக எதையும் கண்டுபிடித்துக்கொண்டிருக்கவில்லை. யார் சரியாகச் செய்திருக்கிறார்கள் என்று தேடிப்பிடித்துக் கற்றுக்கொண்டார்கள். சொந்தமாகக் கட்டுவது என்றால் எல்லாவற்றையும் சொந்தமாகக் கண்டுபிடிப்பது என்று சிலர் நினைக்கிறார்கள். அந்த ரோஷம் இறக்கையில் வேண்டாம்.

இன்னொன்று. 2 மெகாவாட் என்று வரைந்ததைப் பெரும்பாலும் அதற்கு வெகு கீழேதான் ஓட்டினார்கள். அது நீடித்து நின்றதற்கு இந்த நிதானமும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பார்கள். நெல் தூற்றுகிறவருக்குச் சொன்னது அது. களத்தில்கூடப் புயலில் யாரும் தூற்றுவதில்லை.

சரி, நிறுத்துவதற்கு வருவோம். எங்கே விட்டேன்... ஆம், அந்த ராத்திரி.

சைக்கிளில் டைனமோ வைத்து ஓட்டியவர்களுக்கு ஒன்று தெரியும். விளக்கு எரியும்போது பெடல் கனக்கும். பல்பு ஃபியூஸ் ஆனால் கால் லேசாகிவிடும். காற்றாலையிலும் கரண்ட் எடுப்பதுதான் முதல் பிரேக். பேட்டரி நிறைந்து கட்டுப்பாட்டுப் பெட்டி இணைப்பைத் துண்டித்தாலோ, எங்கோ ஒரு கம்பி அறுந்தாலோ, இறக்கையைப் பிடித்து நிறுத்த ஆள் கிடையாது. மிதமான காற்றிலேயே அது பிய்த்துக்கொண்டு ஓடும். அதனால் இணைப்பைத் துண்டிக்கும் பெட்டி காற்றாலைக்கு ஆகாது. மிஞ்சும் கரண்டை ஒரு ஹீட்டர் சுருளுக்குத் திருப்பிவிடும் பெட்டிதான் வேண்டும். சூரியத் தகட்டுக்கான பெட்டியை எடுத்துக் காற்றாலைக்கு மாட்டாதீர்கள். தகட்டைத் துண்டித்தால் அது சும்மா வெயிலில் கிடக்கும். காற்றாலை சும்மா கிடக்காது.

ஓடினால் என்ன ஆகும்? நம் 6 மீட்டர் காற்றாலை, 36 கிலோமீட்டர் காற்றில் நிமிடத்துக்குச் சுமார் 190 சுற்று சுற்றும் என்று வையுங்கள். அப்போது இறக்கையின் நுனி மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. ஒரு இறக்கை 10 கிலோ, அதன் எடை மையம் அச்சிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி என்றால், அடியில் இருக்கும் போல்ட்டுகளை அது 400 கிலோ கனத்தோடு இழுக்கும். சுற்று இரட்டித்தால் 1,600 கிலோ. இறக்கை பிய்ந்தால் அது காற்றடிக்கும் திசையில் போவதில்லை, சுற்றும் தளத்திலேயே பக்கவாட்டில் தெறிக்கும். அதனால் ஓடும் காற்றாலையைப் பக்கவாட்டில் நின்று அண்ணாந்து பார்க்காதீர்கள். காற்று வரும் பக்கமாக, தள்ளி நில்லுங்கள். இதை இன்னொரு முறை சொல்கிறேன்: பக்கவாட்டில் நிற்காதீர்கள்.

இரண்டாவது பிரேக், ஜெனரேட்டரிலிருந்து வரும் மூன்று கம்பிகளையும் ஒன்றோடொன்று இணைக்கும் ஒரு சுவிட்ச். காந்தமும் சுருளும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், இறக்கை தவழ ஆரம்பித்துவிடும். ஆனால் இதைக் காற்று ஏறுவதற்கு முன்னால் போட வேண்டும். முழு வேகத்தில் ஓடும்போது போட்டால் சில சமயம் பிடிக்காது, சுருள் வெந்துபோகும். சாதாரண நியோடிமியம் காந்தங்கள் 80 டிகிரிக்கு மேல் சூடானால் காந்தத்தையே இழக்கத் தொடங்கும். பிறகு பிரேக்கும் இல்லை, கரண்டும் இல்லை.

அதனால் மூன்றாவதாக, யார் கையும் படாமல் தானே வேலை செய்யும் ஒன்று வேண்டும். வீட்டில் கட்டுகிறவர்களுக்கு அது வால். இறக்கையின் அச்சைக் கோபுரத்தின் நடுவில் வைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளி வைக்கிறோம். வாலைச் சாய்வான கீலில் தொங்கவிடுகிறோம். காற்று அளவோடு இருக்கும்வரை வால் தன் கனத்தால் கீழே இருந்து, இறக்கையைக் காற்றுக்கு நேராகப் பிடிக்கும். காற்று மிஞ்சினால் இறக்கைமேல் விழும் அழுத்தம், இறக்கையும் ஜெனரேட்டரும் இருக்கும் தலையையே பக்கவாட்டில் திருப்பிவிடும். வால் மேலேறி மடங்கும். காற்று தணிந்ததும் வால் தன் கனத்தாலேயே இறங்கி, தலையைப் பழையபடி காற்றுக்கு நேராகக் கொண்டுவரும். ஸ்பிரிங் இல்லை, மின்சாரம் இல்லை. வாலின் கனத்தைக் கூட்டிக் குறைத்து, எந்தக் காற்றில் மடங்க வேண்டும் என்று தீர்மானிக்கலாம். கரண்டுக்கு ஆசைப்பட்டு வாலில் கனத்தைக் கூட்டிக்கொண்டே போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சொன்னால் கேட்க மாட்டார்கள்.

பெரியவர்களும் இதைத்தான் செய்தார்கள். மறுபடியும் டென்மார்க்தான், என்ன செய்ய! யொஹானஸ் யூல் என்ற பொறியாளர் 1957-ல் கெட்சர் என்ற இடத்தில் 24 மீட்டர் வட்டம், 200 கிலோவாட் காற்றாலை ஒன்றைக் கட்டினார். அதன் இறக்கை நுனிகள் தனித் துண்டுகள். வேகம் எல்லை மீறினால் நுனி திரும்பி, காற்றுக்கு முட்டுக்கட்டையாக நிற்கும். பத்தாண்டு ஓடியது அது.

பரிசோதனையைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள், மூன்று நிமிடம். முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்.

கோபுரத்தில் ஏற்றிய பிறகுதான் பரிசோதனை என்று நினைக்காதீர்கள். முக்கால்வாசி தரையிலேயே முடிந்துவிடும். ஜெனரேட்டரை லேத்தில் கட்டிச் சுற்றி, எந்தச் சுற்றில் எத்தனை வோல்ட் என்று எழுதுங்கள். மூன்று கம்பிகளையும் இணைத்துவிட்டுக் கையால் திருகிப் பாருங்கள். கை தோற்க வேண்டும். மூன்று இறக்கையும் ஒரே எடை இருந்தால் போதாது, எடை மையமும் ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். மூன்றையும் பூட்டி, நடுவே ஒரு கூர்முனையில் படுக்கைவசமாக நிறுத்துங்கள், எந்தப் பக்கமும் சாயக் கூடாது. நுனிகள் மூன்றும் ஒரே தளத்தில் ஓடுகின்றனவா என்று பாருங்கள். வாலைக் கையால் தூக்கிவிட்டு, சிக்காமல் இறங்குகிறதா என்று பாருங்கள்.

அடியில் கீல் வைத்துச் சாய்த்து நிமிர்த்தும் கோபுரம் என்றால், முதலில் வெறும் கோபுரத்தை ஏற்றி இறக்குங்கள். நான்கு பக்க ஸ்டே கம்பிகளும் எங்கே தளர்கின்றன, எங்கே விறைக்கின்றன என்பது அப்போது தெரிந்துவிடும். சாய்க்கும்போது அதன் நிழல்கூட விழும் இடத்தில் ஆள் இருக்கக் கூடாது. முதல் ஓட்டம் இளங்காற்றில், பகலில். ஓடவிட்டு, நிறுத்தி, மறுபடி ஓடவிட்டு, நிறுத்தி... கரண்ட் மீட்டரைப் பார்க்கவே வேண்டாம்.

அளப்பது பற்றி ஒரே வார்த்தை. பலமான ஒரு வீச்சில் மீட்டர் காட்டிய எண்ணை ஊரெல்லாம் சொல்லாதீர்கள். இறக்கை உயரத்தில் காற்றுமானி வைத்து, ஒவ்வொரு நிமிடத்தின் சராசரிக் காற்றையும் சராசரிச் சக்தியையும் ஜோடியாகப் பதிவு செய்து, காற்றின் வேகவாரியாகப் பிரித்துப் பாருங்கள். சிறிய காற்றாலைகளுக்குச் சர்வதேசத் தர விதியும் ஒரு நிமிடச் சராசரியைத்தான் கேட்கிறது.

எங்கே நடுவது என்பது தனி உரைக்கான விஷயம், இன்று முடியாது. வீட்டுக் கூரையில் வேண்டாம், அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்; அங்கே காற்று சுழன்றடிக்கும், அதிர்வு சுவரில் இறங்கும். சுற்றுவட்டாரத்து மரம், கட்டடம் எல்லாவற்றையும்விட இறக்கையின் கீழ்நுனி 10 மீட்டராவது மேலே இருக்கட்டும். இடிதாங்கிக்கு எர்த் கம்பி போடுங்கள். ஏற்றிய சில வாரத்தில் ஒருமுறை கோபுரத்தை இறக்கி, எல்லா போல்ட்டையும் மறுபடி முடுக்குங்கள். மர இறக்கை என்றால் மரம் காய்ந்து சுருங்கியிருக்கும், கட்டாயம் சில போல்ட் தளர்ந்திருக்கும். காந்தத் தகட்டைப் பூட்டும்போது விரல்... நேரம் முடிந்துவிட்டது என்கிறார்கள். வணக்கம்.